பெனியேலில் இறங்கிய கல்

மாவு ஒட்டிய கையோடு ஹுல்டா ஃபோனை எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"அத்தை, நான் ரெனாட்டஸ் பேசுறேன்."

ரெனாட்டஸ் என்பது அவள் கணவரின் பெயர். அவரைப் புதைத்த பிறகு ஒரு குளிர்காலம் முடிந்து, இரண்டாவதும் முடியும் தறுவாயில் இருந்தது.

"பெனியேல் ரெனாட்டஸ், அத்தை. பயந்துட்டீங்களா?"

"பயமெல்லாம் இல்ல. கையெல்லாம் மாவு. சொல்லுப்பா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என்னோட கல்லறைக் கல்லு வந்து சேந்திருச்சு."

ஹுல்டா மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஃபோனைச் சரியாகப் பிடித்தாள்.

"விறகடுப்பு ஒண்ணு கேட்டிருந்தேன், கப்பல்ல வரவேண்டியது. பெட்டி வந்தப்ப நான் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தேன். பெட்டி மேல ஊர்ப் பேரு நனைஞ்சு கிழிஞ்சுபோச்சு, ஆள் பேரு மட்டும் பெருசா இருந்திருக்கு. போவாஸ் மாமாதான் துறையில சரக்கு இறக்குறவரு. இது நம்ம ரெனாட்டஸோட அடுப்புன்னு வீட்டோரமா கொண்டாந்து வச்சுட்டாரு. அது மேல பனி கொட்டி மூடிருச்சு. நேத்துதான் வெட்டி எடுத்துத் திறந்தேன். எம் பொண்டாட்டி சலோமி போட்ட சத்தத்துல ஊரு நாயெல்லாம் ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. சாம்பல் கல்லு, நடுவுல என் பேரு. நான் செத்து ஒன்றரை வருஷம் ஆச்சாம் அத்தை. ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல."

ஹுல்டா சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணிலும் நீர் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோடை முழுவதும், இலையுதிர்காலம் முழுவதும் அவள் தேடிய கல். கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் ஒரு பெண் ஒவ்வொரு முறையும் தேன் குரலில், "கிடங்குலதான் இருக்கும்மா, அடுத்த கப்பல்ல ஏறிரும்" என்று சொன்ன கல். அது இத்தனை நாளும் தெற்கே, பக்கத்து ஊரான பெனியேலில், ஒரு வீட்டுச் சுவரோரம் பனிக்குள் கிடந்திருக்கிறது.

போவாஸ் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. கனடாவின் இந்த லாப்ரடார் கரையில் குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தான். ஒருவர் பெயரை இன்னொரு குழந்தைக்கு வைத்தால் முழுப்பெயரும் ஒத்துப்போவது புதிதல்ல. ஊரில் யாரும் சரக்கின் எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்ப்பார்கள். பெயரைப் பார்த்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் வீடு தெரியும். போவாஸுக்குத் தெரிந்த ரெனாட்டஸ் ஒருவன்தான்.

அந்த ஒருவனுக்குப் பெயர் வந்த கதை ஹுல்டாவுக்குத் தெரியும். அவனுடைய அப்பா பனிப்புயலில் மாட்டிக்கொண்டு மம்ரேயில், இதே வீட்டில், இதே சமையலறையில் தங்கியிருந்தபோதுதான் மகன் பிறந்த செய்தி ரேடியோவில் வந்தது. அவர் எழுந்து, எதிரே உட்கார்ந்திருந்த ரெனாட்டஸின் கையைப் பிடித்து, "உங்க பேர எடுத்துக்கறேன்" என்றார். அந்தக் கரையின் வழக்கப்படி, பெயர் கொடுத்தவரும் பெற்றவனும் ஒருவருக்கொருவர் உறவு. பெயர் கொடுத்தவரின் மனைவிக்கு அந்தப் பிள்ளை ஒரு சின்னக் கணவன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஹுல்டா சீல் தோலில் ஒரு ஜோடி கையுறை தைத்து அனுப்புவாள். 'என் குட்டி வீட்டுக்காரருக்கு' என்று எழுதி வைப்பாள். பையனுக்கு மீசை அரும்பிய பிறகு அந்த வரியைப் படிக்க அவன் வெட்கப்படுகிறான் என்று அவன் அம்மா சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். தைப்பது அதற்குப் பிறகும் சில வருடங்கள் நடந்தது.

"உங்களுக்கு ஈஸ்டருக்குள்ள வேணுமா அத்தை? இல்ல, கோடைல கப்பல் ஓட ஆரம்பிச்சதும் ஏத்தி விடவா?"

வெளியே ஏப்ரல் வெயிலில் கூரைப்பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் யோசிக்கவில்லை.

"கப்பல்ல வேண்டாம்பா" என்றாள்.

"அப்ப நானே கொண்டாரேன். என் பேரு போட்ட கல்லு. வேற எவன் இழுப்பான்?"

கப்பலைப் பற்றி மம்ரேயில் யாரும் கோபமாகப் பேசிக் கேட்க முடியாது. அதெல்லாம் பழைய கதை. இப்போது சிரிப்புதான். கப்பல் திங்கட்கிழமை வரும் என்றால், எந்தத் திங்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு தடவை இயந்திரம் கெட்டது. ஒரு தடவை காற்று. ஒரு தடவை துறைவரை வந்து, ஊருக்கு எதிரே நின்று, சரக்கு இறக்கும் ஆள் இல்லை என்று திரும்பிப் போனது. எல்லோரும் கரையில் நின்று கையசைத்தார்கள். ஹுல்டாவின் நாத்தனார் எர்னஸ்டீனுக்கு ஒரு கோடையில் சோபா வந்தது, அடுத்த கோடையில் அதன் கால்கள் வந்தன. நடுவில் வந்த விருந்தாளிகள் எல்லாரும் தரையோடு தரையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். போன நவம்பரில் கடைசிக் கப்பல் பெனியேல்வரை வந்து, வடக்கே பனி கட்டிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டது. மம்ரேயில் உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை, நான்கு வீடுகளின் ஸ்கிடூ பனிவண்டிகளுக்கு உதிரிபாகம் இல்லை. எர்னஸ்டீன் தன்னிடம் மிச்சமிருந்த கிழங்கு மூட்டையைப் பிரித்துப் பாதியை ஹுல்டாவின் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனாள். ஹுல்டா அதில் பாதியை அடுத்த வீட்டு வாசலில் வைத்தாள். வசந்தம்வரை ஊர் இப்படித்தான் சாப்பிட்டது. நினைத்தால் அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் கல் வேறு விஷயம். கல்லைப் பாதி வெட்டி யாரும் தர முடியாது.

ஈஸ்டர் அன்று விடியலுக்கு முன் ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். மிஷனரிகள் வந்த காலத்திலிருந்து அப்படி. ஊதுகொம்புக்காரர்கள் தெருத் தெருவாக ஊதி எழுப்புவார்கள். ஒவ்வொரு குடும்பமும் மண்வெட்டியோடு போய்த் தன் ஆளின் கல்மேல் கிடக்கும் பனியை அள்ளி எடுக்கும். சூரியன் வரும்போது கற்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். எல்லாக் கல்லும் ஒரே அளவு, எல்லாம் படுத்த கல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், இறந்த வரிசைப்படி. போன ஈஸ்டரில் அவள் கணவர் ரெனாட்டஸ்தான் ஆண்கள் வரிசையின் கடைசி ஆள். கல் இன்னும் வரவில்லை. அடையாளத்துக்கு நட்ட மரக்கட்டையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. இடுப்பளவு பனி. ஹுல்டா உத்தேசமாக ஓர் இடத்தில் தோண்டினாள். நின்றாள், பாடினாள், அழுதாள். ஜூனில் பனி உருகிய பிறகு வந்து பார்த்தால், அவள் நின்றது யாரையும் புதைக்காத வெறும் தரை. மண் மேடு அங்கிருந்து தள்ளி இருந்தது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவரை இருட்டில் தடவித் தேடிக் கிடைக்காத மாதிரி இருந்தது அது. இந்த ஈஸ்டரில் கல் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்தில் மழை பெய்தது.

ஏப்ரலில் மழை பெய்யக் கூடாது. ஞாயிறு சாரல், திங்கள் வெயில், செவ்வாய் மறுபடி மழை. துறைக்கு முன்னாலிருந்த கடற்பனி வெள்ளை நிறம் போய்ச் சாம்பலானது. மேலே தண்ணீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. மாலையில் தேவாலயத்தில் இயேசுவின் கடைசி நாட்களை வாசிக்கும்போது, கூரையில் மழை விழும் சத்தத்தைத்தான் ஆண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் உறைந்த கடல்தான் ஊருக்கும் ஊருக்கும் பாதை. பெனியேலுக்கும் மம்ரேக்கும் நடுவில் இரண்டு தீவுகளுக்கிடையே ஓர் இடுக்கு இருக்கிறது. அதற்குள் நீரோட்டம் ஓயாது. நல்ல குளிரிலேயே அங்கே பனி மெலிது.

வெள்ளிக்கிழமை காலை ஹுல்டா பெனியேலுக்கு ஃபோன் செய்தாள். சலோமி எடுத்தாள்.

"அவன வரவேண்டாம்னு சொல்லும்மா. கல்லு எங்க போகப்போகுது? கோடைல பாத்துக்கலாம்."

"அத்தை, அவரு விடியக்காலையிலயே கிளம்பிட்டாரே."

"தனியாவா?"

"தனியாத்தான். மழைக்கு முன்னாடி இடுக்கத் தாண்டிரணும்னாரு. நானும் சொன்னேன். கேக்கல. எம் பேரு அங்க போய்ப் படுக்கணும், அத நான்தான் கொண்டு விடணும்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கேட்டீங்கன்னு சொன்னாரு" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சும்மாதான் சொன்னாள். ஹுல்டாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று முழுவதும் அவள் சமையலறை மேசையில், ஊரார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரோ சாவியைத் தொலைத்திருந்தார்கள். அவன் குரல் வரவில்லை. கப்பல்ல வேண்டாம்பா என்று யோசிக்காமல் சொன்னது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. செத்தவருக்கு ஒரு கல் வேண்டும் என்று, உயிரோடிருப்பவனைப் பனிமேல் இழுத்து விட்டிருக்கிறாள். அதுவும் அதே பெயர். அந்தப் பெயரை இன்னொரு தடவை புதைக்க வேண்டிவந்தால்? அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. எழுந்து ரொட்டி சுட்டாள். தேவைக்கு மேல் சுட்டாள்.

எர்னஸ்டீன் வந்து ரொட்டிக் குவியலைப் பார்த்தாள்.

"கப்பல் வருதா?"

"வாய மூடு, எர்னஸ்டீன்."

எர்னஸ்டீன் வாயை மூடிக்கொண்டாள். அதோடு நிற்காமல், மகனிடம் சொல்லி இரண்டு ஆட்களை ஸ்கிடூவோடு தெற்கே அனுப்பவும் செய்தாள். அவர்கள் போய் இருட்டுவதற்குள் திரும்பினார்கள். மழையில் தடம் தெரியவில்லை என்றார்கள். காலையில் மறுபடி போகலாம் என்றார்கள்.

காலையில் போகத் தேவைப்படவில்லை. சனிக்கிழமை காலை, தேவாலயத்தில் அன்பின் விருந்துக்காக ஊர் முழுவதும் டீயும் பன்னுமாக உட்கார்ந்திருந்தபோது ஸ்கிடூ சத்தம் கேட்டது. ஹுல்டா கோப்பையை யார் கையில் கொடுத்தாள் என்று தெரியவில்லை. கோட்டில்லாமல் வெளியே ஓடினாள். அவன்தான். இடுப்புவரை நனைந்து உறைந்திருந்தான், பேண்ட் தகரம் மாதிரி சத்தம் போட்டது. பின்னால் இழுத்து வந்த கொமாட்டிக் சறுக்குவண்டியில் ஒரு தார்ப்பாயும் கயிறும் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

"அத்தை" என்றான். உதடு கோணியது. "கல்லக் கொண்டு வரல."

அவள் இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். முகம் கல் மாதிரிதான் சில்லென்றிருந்தது. ஆனால் மூச்சு வந்தது, சூடாக வந்தது.

"ஆள் வந்தியே" என்றாள். "ஆள் வந்தியே."

பின்னால் வந்து நின்ற எர்னஸ்டீன், "அடியே, புருஷன் வந்துட்டாரு, உள்ள கூட்டிட்டுப் போ. வாசல்ல நிறுத்தி வச்சே கொன்னுருவ போலிருக்கு" என்றாள். தேவாலய வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் அவன் இறந்தவரின் உள்ளாடையும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்தான். சட்டை தோளில் பெரிது. காய்ந்த மீனும் ரொட்டியும் அவன் முன்னால் வைத்தாள். அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னான்.

"இடுக்குல பனி தொட்டில் மாதிரி ஆடுது. மேல முழங்கால் தண்ணி. கல்லோட போனா நேரா கீழதான். அதான் பக்கத்துல இருந்த குட்டித் தீவுல ஏத்தினேன். கோடாரிக் கம்ப நெம்பு போட்டு, அங்குலம் அங்குலமா. ராத்திரி பூரா அதுக்கே போயிருச்சு. தட்டையா ஒரு பாறை இருக்கு, அலை ஏறாது. அது மேல படுக்க வச்சேன், முகம் வானத்தப் பாத்தாப்ல. அப்புறம் வண்டி லேசா ஆனதும் இடுக்க ஒரே ஓட்டமா தாண்டினேன். பாதில வண்டி பின்பக்கம் உள்ள போச்சு. போனதும் வந்துருச்சு. எப்படின்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது."

அவன் கையைப் பார்த்தான். நெம்பி நெம்பிக் கை தோலுரிந்திருந்தது. "தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கு விடிஞ்சா ஈஸ்டர். இவ்வளவு தூரம் கொண்டாந்து கடல்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

"கப்பல் அந்தத் தீவ ஒட்டித்தான் வரும்" என்றாள் எர்னஸ்டீன். "நின்னு எடுத்துட்டு வாங்கன்னு கோடைல சொல்லிப் பாக்கலாம்."

"ஐயோ வேண்டாம் பெரியத்தை. கிரீன்லாந்துல கொண்டுபோய் இறக்கிருவாங்க. அங்க ஒரு ரெனாட்டஸ் அடுப்புக்குக் காத்துக்கிட்டு இருப்பான்."

மூவரும் சிரித்தார்கள். எர்னஸ்டீன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஹுல்டா கெட்டிலை எடுத்தாள். எடுத்தவள் அவனைப் பார்த்தாள். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து, ரொட்டியை டீயில் தோய்க்கத் தயாராகக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, சர்க்கரை போடவா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே காதில் விழுந்தது. அவன் காதுவரை சிவந்தான். ஆனாலும் தலையை ஆட்டி, "ரெண்டு ஸ்பூன்" என்றான். எர்னஸ்டீன் கம்பளிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணனுடைய சட்டை அது.

டீ ஊற்றிவிட்டு ஹுல்டா உட்கார்ந்தாள். போன ஈஸ்டரில் நடந்ததைச் சொன்னாள். திட்டமிட்டுச் சொன்னதல்ல. அவன் தோலுரிந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், இதற்காகத்தான் கேட்டேன் என்று அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. இடம் தெரியாமல் வெறும் தரையில் நின்று அழுததை, ஜூனில் வந்து பார்த்ததை எல்லாம் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் எர்னஸ்டீன்.

"என்ன தெரியும்?"

"நீ தள்ளி நிக்கிறன்னு. நாங்க எல்லாரும்தான் பாத்தோம்."

"பாத்துட்டுச் சும்மாவா நின்னீங்க?"

"நீ அந்த அழுகை அழுதுட்டு இருந்த. பக்கத்துல வந்து, 'கொஞ்சம் அந்தப் பக்கமா நகந்து அழும்மா'ன்னு எவ சொல்லுவா?"

ரெனாட்டஸுக்கு டீ புரையேறிவிட்டது. ஹுல்டாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது சிரிப்புதான். ஊர் முழுவதும் தெரிந்திருக்கிறது. ஊர் முழுவதும் ஒரு வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது. அவமானம் என்று அவள் தூக்கிச் சுமந்த ஒன்றை, சத்தமில்லாமல் எத்தனை பேர் கூடவே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இரவு மழை நின்று காற்று வடக்கே திரும்பியது. கொம்புச் சத்தம் தெருவில் வந்தபோது சன்னல் கண்ணாடியில் பனிப்பூ பூத்திருந்தது. ஹுல்டாவும் ரெனாட்டஸும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு தேவாலயத்தின் பின்சரிவில் ஏறினார்கள். முன்னும் பின்னும் ஆட்கள் போனார்கள். கடந்து போன ஒவ்வொருவரும் அவன் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனார்கள்.

ஆண்கள் பக்கத்தில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தது. ஹுல்டாவின் கணவருக்கு முன்னால் இறந்தவர் குஸ்தாவ். அவருடைய மகன் மழையில் இறுகிய பனியை வெட்டி அப்பாவின் கல்லைத் திறந்துவிட்டிருந்தான். அவள் கணவருக்குப் பின்னால், போன கோடையின் தொடக்கத்தில் இறந்தவர் எரேமியாஸ்; அவர் கல் வழிதவறாமல் வந்து சேர்ந்திருந்தது. அவருடைய மகள் அந்தப் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தங்கள் கல்லின் விளிம்போடு நிறுத்தவில்லை. ஒருவர் வலமாகவும் ஒருவர் இடமாகவும் வெட்டிக்கொண்டே வந்து, எதிரெதிரே குனிந்து நின்றார்கள். நடுவில் மெலிதாக ஒரு பனிச்சுவர் மட்டும் பாக்கி இருந்தது. ஹுல்டா வந்ததும் இருவரும் நிமிர்ந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

கடைசிச் சுவரை அவள் எடுத்தாள். ரெனாட்டஸ் ஓரங்களை நேராக்கினான், கல்லுக்கு அளவெடுப்பதுபோல. கீழே பழுப்பான பாசி, உறைந்த சில புல், கொஞ்சம் மண் தெரிந்தன. இரண்டு சாம்பல் கற்களுக்கு நடுவே அதே நீளம், அதே அகலம், கல்லில்லாத ஓர் இடம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகமே இல்லை. இதுதான். இங்கேதான்.

கிழக்கே கடற்பனியின் விளிம்பு சிவந்தது. கொம்புக்காரர்கள் கோட்டுக்குள் சூடாக வைத்திருந்த ஊதுவாய்களை எடுத்துக் கொம்பில் பொருத்தி வாயில் வைத்தார்கள். வெளிச்சம் மேல் வரிசையில் இறங்கி, ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தது. காற்று ஒரு பிடிப் பொடிப்பனியை அந்த வெற்று இடத்துக்குள் தள்ளியது. ரெனாட்டஸ் மண்டியிட்டு, புறங்கையால் அதை வெளியே தள்ளினான். காற்று மறுபடி தள்ளியது. அவன் மறுபடி தள்ளினான். ஹுல்டாவும் அவனுக்கு எதிர்ப்புறம் முழங்காலிட்டாள்.